டோனாவூர் அம்மா

கூட்டமைப்பு மலருக்கு நம்ம பக்கத்துல வாழ்ந்த ஒரு பெண்ணோட வரலாறு எழுதணும்னு செயற்குழுவுல பேச்சு வந்தப்போ ஆளுக்கொரு பேர் சொன்னாங்க. களக்காட்டுப் பக்கத்துக் குழு அக்கா ஒருத்தங்கதான் டோனாவூர் அம்மா பேரைச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. வெள்ளைக்காரி, மிஷனரி, நமக்கு எதுக்குன்னு ஒரு தயக்கம். நம்ம குழுக்கள்ல கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, பள்ளிவாசல் தெருக்காரங்க எல்லாரும் இருக்கோம். அதனால ஒரு மதத்தோட கதையா இது ஆகிடக்கூடாதுன்னு எனக்கும் தோணுச்சு. படிக்க ஆரம்பிச்ச பிறகு அந்தத் தயக்கம் போயிட்டு. கைக்குழந்தைக்குப் பால் புட்டி கழுவுற வேலையும் பீத்துணி அலசுற வேலையும் யாருடைய வேலைங்கிற கேள்விதான் இந்த வாழ்க்கை முழுக்க ஓடுது. அந்தக் கேள்வி நம்ம எல்லா வீட்டுலயும் இருக்கு.

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் வடக்கே கடலோரத்தில் உள்ள மில்லைல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா மாவு ஆலை வைத்திருந்தவர். ஏழு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வசதியான குடும்பம், கட்டுப்பாடான கிறிஸ்தவ வீடு. இவருக்குக் கண் பழுப்பு நிறம். அம்மாவுக்கு இருந்த மாதிரி நீலக் கண் வேண்டும் என்று சின்ன வயதில் ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்து, காலையில் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்து அழுதிருக்கிறார். பிற்காலத்தில் நம்ம ஊர்ச் சேலையைக் கட்டி, கையிலும் முகத்திலும் கறை பூசிக்கொண்டு, வெள்ளைக்காரி என்று தெரியாமல் ஊருக்குள் போக அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. டோனாவூர்ப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை இது.

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. தொழில் நொடித்தது. 1885-ல் அப்பா இறந்துபோனார். அப்போது ஏமிக்கு 17 வயது. தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் நல்ல உடுப்பில் வீடு திரும்புகிறார்கள். வழியில் கந்தல் உடுத்திய ஒரு கிழவி பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வருகிறாள். ஏமியும் இரண்டு தம்பிமாரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, கிழவியைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனார்கள். எதிரே சர்ச்சிலிருந்து வருகிற கௌரவமான ஆட்கள். பிள்ளைகளுக்கு வெட்கம் தாங்கவில்லை, முகம் சிவந்துவிட்டது. நல்ல காரியம்தான் செய்கிறோம், அப்புறம் ஏன் கூசுகிறோம் என்ற கேள்வி அந்தப் பெண்ணுக்குள் விழுந்தது. ஒருவன் கட்டுவது பொன்னா வைக்கோலா என்று நெருப்புதான் காட்டும் என்று வேதத்தில் பவுல் எழுதின பகுதி அந்தத் தெருவிலேயே நினைவுக்கு வந்ததாம். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தவர், சர்ச்சில் நாலு பேர் மெச்சுவதற்காக எதையும் செய்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்.

அதற்கடுத்து அவர் போனது ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம். பெல்ஃபாஸ்டில் நூல் ஆலைகள் அதிகம். அங்கே வேலை பார்த்த பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசில்லை, சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். தொப்பி போட்ட சீமாட்டிகள் நடுவே இந்தச் சால்வைக்காரிகள் வந்து உட்கார்ந்தபோது சபைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் பெருகப் பெருக முணுமுணுப்பும் பெருகியது. கடைசியில் 1889-ல் 500 பேர் உட்காரும்படி தகரக் கூரையில் ஒரு கூடமே தனியாக எழும்பியது. அந்தப் பணத்தை யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்தது போதும், கடவுளிடம் மட்டும் கேட்பது என்று அன்று எடுத்த பழக்கத்தைச் சாகும்வரை விடவில்லை. மாசச் சந்தா பத்து நாள் தள்ளிப்போனாலே வீடு வீடாப் போய் நிக்கிற நமக்கு இது நம்ப முடியாததாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே நோயாளியான ஒரு கிழவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தம்மா இவர் சொல்வதைக் கவனிக்கும் நேரத்தில் இவர் கையில் இருந்த ரோம உறையைப் பார்த்துப் புத்தி அதிலே போய்விட்டது. அன்றோடு சீமை உடுப்பைக் கழற்றிவிட்டு ஜப்பான் உடுப்பைப் போட்டுக்கொண்டார். உடம்பு கெட்டு 15 மாதத்தில் அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தது. பிறகு 1895 நவம்பரில் பெங்களூர். அடுத்த வருடக் கடைசியில் வாக்கர் ஐயரோடும் அவர் மனைவியோடும் நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். தாமஸ் வாக்கர் தமிழில் கெட்டிக்காரர், பாடம் சொல்லிக்கொடுப்பதில் கண்டிப்பு. ஏமி அம்மா அவரிடம் தமிழ் படித்தார். பாளையங்கோட்டைப் பக்கம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1897-ல் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற பண்ணைவிளையில் குடியேறினார்கள்.

அன்று வந்தவர் பிறந்த ஊரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. அடுத்த 55 வருடத்தில் ஒரு தடவைகூட லீவில் போகவில்லை.

பண்ணைவிளையில் அவர் சேர்த்த பெண்கள் கூட்டம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி. அந்தக் காலத்தில் பெண்கள் ஊர் ஊராகப் போய்த் தங்குவது என்பதே கிடையாது. கிறிஸ்தவ வீடுகளிலும் இளம் பெண், அதிலும் விதவை, வாசல் தாண்டினால் ஆயிரம் பேச்சு. அப்படி மூலையில் இருந்தவர்தான் பொன்னம்மாள். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. மாமனார் வீட்டில் அடைபட்டு, சர்ச்சுக்குப் போய் வருவது மட்டும்தான் வெளியுலகம். அவர் வந்தார். ஒரு கை இல்லாத செல்லமுத்து வந்தார். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். மாட்டுவண்டியில் பாத்திரம் பண்டம், கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய், விடிந்ததும் ஒரு ஊரில் இறங்கி, வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். இவர்களுக்கு ஊரார் வைத்த பேர் விண்மீன் கூட்டம். இந்தக் கூட்டத்துப் பெண்கள் சம்பளம் பேசிக்கொள்ளவில்லை. வேறு வேறு சாதிக்காரர்கள் ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டார்கள். 1890-களில், நம்ம ஊரில், சர்ச்சுக்குள்ளேயே சாதிக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்த நாளில் அது நடந்தது.

நகை விஷயம் சொல்ல வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண் என்றால் காது, கழுத்து, கை நிறைய இருக்க வேண்டும் என்பதுதான் அன்றும் வழக்கம். பொன்னம்மாள் தன் நகைகளைக் கழற்றி வைத்தார். இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் இவரைப் போல நகை போடலாம் என்று ஒரு சிறு பிள்ளை ஆசையாகப் பேசினது அவர் காதில் விழுந்ததுதான் காரணம். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் கழற்றினார்கள். சபைக்குள் பெரிய சலசலப்பு. சொந்தக்காரர்களுக்கு அவமானம். நகை இல்லாத பெண்ணுக்கு எவன் மரியாதை கொடுப்பான் என்று கோபப்பட்டார்கள். நம்ம குழுவுல இன்னைக்கும் நகை அடகு வைக்கிறதுன்னா உயிரை வைக்கிற மாதிரிதானே. அந்த நகையை ஒருத்தி வேண்டாம்னு கழற்றி வச்சுட்டு, மூளி காதோட ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாடி போய் உட்காரணும்னா எவ்வளவு நெஞ்சுரம் வேணும்!

1901 மார்ச் மாதம் எல்லாமே மாறியது. பெருங்குளத்தில் கோயில் பணிக்கென்று விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பேர் பிரீனா. முன்னாலேயே ஒரு தடவை அவள் தப்பித்துத் தூத்துக்குடிக்கு, பெத்த அம்மாவிடம் போய்விட்டாள். அம்மா பயந்துபோய், கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த பிள்ளைக்குக் கையில் சூடு வைத்தார்கள். இரண்டாவது தடவை சாயங்காலம் ஓடிவந்தவள் பண்ணைவிளை சர்ச்சுப் பக்கம் நின்றதை ஒரு கிறிஸ்தவப் பெண் பார்த்து, ராத்திரி தன் வீட்டில் வைத்திருந்து, காலையில் ஏமி அம்மாவிடம் கொண்டுவந்து விட்டாள். அம்மா வெளியூரிலிருந்து திரும்பி வந்தது அதற்கு முந்தின நாள்தான். மார்ச் 7. வராந்தாவில் இருந்தவரின் மடியில் பிள்ளை ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஊரில் இருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். பிள்ளை போக மறுத்தது. அது சொன்ன கதைகளைக் கேட்ட பிறகுதான் இப்படி எத்தனை பிள்ளைகள் என்று அம்மா விசாரிக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தேவதாசி முறையைப் பற்றி எழுதும்போது அந்தப் பெண்களையே கெட்டவர்களாகக் காட்டுகிற பழக்கம் உண்டு. சங்கீதமும் நாட்டியமும் வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்குள்ளிருந்தே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் கிளம்பி வந்து அந்த முறையை எதிர்த்தார். அவர் பேரில் இருந்த திருமண நிதி உதவித் திட்டத்தில் நம்ம மக்கள் எத்தனை பேர் தாலிக்குத் தங்கம் வாங்கியிருக்கோம்! சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. ஏமி அம்மா எழுதின எழுத்தில் நம்ம ஊர்ச் சாமி, சடங்கு பற்றிக் கடுமையான வார்த்தைகள் இருக்கின்றன. படிக்கிறபோது வருத்தமாக இருக்கிறது. அவர் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அவருக்கும் இருந்தது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் இருந்த சூட்டுத் தழும்பு பொய்யில்லை.

அதே 1901-ல் எல்லாரும் டோனாவூருக்கு இடம் மாறினார்கள். களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1827-ல், ஜெர்மனி தேசத்து டோனா பிரபு கொடுத்த பணத்தில் உண்டான கிறிஸ்தவக் குடியிருப்பு, அதனால் அந்தப் பேர். அன்று அது வெயில் காய்கிற வெறும் பொட்டல். கொஞ்ச நாள் தங்கத்தான் வந்தார்கள்.

1904-ல் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தை வந்தது. கோயிலுக்குக் கொடுக்கப்பட இருந்த குழந்தை. உள்ளூர்ப் போதகர் ஒருவர் காப்பாற்றிக் கொண்டுவந்தார். பின்னாலேயே இன்னும் இன்னும் வந்தன. பிரசங்கம் பண்ண, ஊர் சுற்ற, படித்துக் கொடுக்க ஆட்கள் உண்டு. பச்சைக் குழந்தையை ராத்திரி முழிச்சுப் பார்க்க ஆள் இல்லை. அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க நம்ம பெண்கள் முன்வரவில்லை, புட்டிப் பால் கொடுக்கிற பக்குவம் யாருக்கும் தெரியாது. சபைகளில் சொல்லிப் பார்த்தார் அம்மா. ஆயா வேலைக்கெல்லாம் நல்ல குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண்கள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் சம்பளத்துக்குத்தான் வருவார்கள் என்ற மாதிரிதான் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாடல் பாடுகிற, வேதம் வாசிக்கிற கை பீத்துணி தொடக் கூசியது.

அம்மாவுக்கே ஒரு தடுமாற்றம் இருந்தது. ஊழியம் பண்ண வந்தவள் தாதி வேலை பார்த்துக்கொண்டு உட்காரலாமா என்று வெள்ளைக்கார மிஷனரிகளில் பலர் கேட்டார்கள், அவரும் தன்னையே கேட்டுக்கொண்டார். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்துத்தான் அந்தத் தடுமாற்றம் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். கழுவுகிற காலைவிடக் கழுவுகிற கை பெரியதா, சிறியதா என்று அதற்குமேல் அவர் கணக்குப் பார்க்கவில்லை. டோனாவூரில் பெரிய வேலை, சின்ன வேலை என்று ஒன்றும் இல்லை என்பது சட்டமாயிற்று. கூட்டுகிறதும் ஜெபம் பண்ணுகிறதும் ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து படித்துவிட்டு வந்த பெண்களும் வாளி தூக்க வேண்டும், தரை துடைக்க வேண்டும்.

முதலில் துணிந்து கை வைத்தவர் பொன்னம்மாள். 1905 ஜனவரியில் இந்திரநீலா என்ற குழந்தை இறந்துபோனது. அதற்கு முன்னும் பின்னும் இன்னும் சில குழந்தைகள் போயின. டோனாவூரில் அப்போது ஆஸ்பத்திரி கிடையாது. அந்தச் சமயத்தில் அம்மாவின் தாயார் அயர்லாந்திலிருந்து வந்து கூட இருந்தார், பேரப்பிள்ளைகளாகவே அவர்களைத் தூக்கி வளர்த்தார். மருத்துவ வசதி வேண்டும் என்று நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு குழந்தை இல்லம் வைத்தார்கள். அதன் முழுப் பொறுப்பும் பொன்னம்மாளுக்கு. மாமனார் வீட்டு மூலையில் கிடந்த விதவை, டாக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு, எந்தக் குழந்தைக்கு எத்தனை அவுன்ஸ் பால், எத்தனை தண்ணீர், புட்டியை எப்படிக் கொதிக்க வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். கூட இருந்த பெண்கள் முகம் சுளித்த வேலையை ஒரு வார்த்தை சொல்லாமல் தானே எடுத்துச் செய்தார். அவர் செய்வதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கும் கூச்சம் போனது. வயிற்றுப்போக்கு நோய் பரவி அங்கேயும் பல குழந்தைகள் இறந்தன. அந்தச் சமயத்திலும் அவர் அசையவில்லை.

எங்க குழுக் கூட்டத்துல டீ குடிச்ச தம்ளரை யார் கழுவுறதுன்னு ஒரு மாசம் சண்டை நடந்துச்சு. தலைவி கழுவலாமா, கழுவக்கூடாதா! பொன்னம்மாள் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துச்சு, வெட்கமாவும் இருந்துச்சு.

ஆனாலும் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள் என்பதை நான் அப்படியே மெச்சப் போவதில்லை. நம்ம பெண்கள் வீட்டில் காலம்பூரா சம்பளம் இல்லாமல்தான் உழைக்கிறோம், அதை யாரும் மெச்சினதில்லை. டோனாவூரில் வித்தியாசம் என்னவென்றால், யாருக்குமே சம்பளம் கிடையாது. டாக்டருக்கும் கிடையாது, வெள்ளைக்காரருக்கும் கிடையாது. ஒரே பொதுப் பை. எல்லாருக்கும் அதிலிருந்து சாப்பாடு, துணி. குழந்தை பார்க்கிறவளுக்கும் கணக்கு எழுதுகிறவனுக்கும் ஒரே மதிப்பு. வெளியே போய்ப் பணம் கேட்கக்கூடாது, கடன் வாங்கக்கூடாது. வந்ததை வைத்து நடத்த வேண்டும். கடன் வாங்காமல் நம்மால் முடியாது, அது வேறு விஷயம்.

பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தும் குணமாகவில்லை. ரொம்ப வேதனைப்பட்டு, 1915 ஆகஸ்ட் 26 அன்று கண்ணை மூடினார். அதற்கு மூன்று வருடம் முன்னால் 1912-ல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்தில் இறந்திருந்தார். 1913-ல் தாயாரும் போய்விட்டார். ஏமி அம்மாவுக்கு அந்த வருடங்கள் ஒவ்வொரு தூணாகச் சரிந்த வருடங்கள். பொன்னம்மாளைப் பற்றி அவர் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஒரு தமிழ் விதவையைத் தனக்குச் சமமாக, பல விஷயங்களில் தன்னைவிட மேலாக வைத்து வெள்ளைக்காரி ஒருத்தர் அன்றைக்கு எழுதியது சாதாரணமில்லை.

வழக்குகளும் வந்தன. 1911-ல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டில் தீர்ப்பு ஆனது. தீர்ப்பு வருவதற்குள் சிறுமி ஆண் பிள்ளை வேஷத்தில் டோனாவூரை விட்டு வெளியேறிவிட்டாள். இலங்கை வழியாகச் சீனாவரைக்கும் கொண்டுபோகப்பட்டாள். பிறகு வளர்ந்து, டோனாவூரிலேயே வளர்ந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு வழக்கில் அம்மாவே ஏழு வருடம் ஜெயிலுக்குப் போகலாம் என்ற நிலைமை. 1914 பிப்ரவரியில் அது தள்ளுபடி ஆனது. பிள்ளையைக் காப்பாற்றியது சரி. ஆனால் அந்த முதல் வழக்கின் தாய் என்ன நினைத்திருப்பாள் என்று எங்கேயும் விரிவாக எழுதப்படவில்லை. அவள் பக்கத்து நியாயம் ஒன்று இருந்ததா, சொந்தக்காரர்கள் அவளைத் தூண்டிவிட்டார்களா? பிள்ளையைப் பெத்தவ நான், இந்தக் கதையில் எனக்கு நெஞ்சு உறுத்துகிற இடம் இதுதான்.

பிள்ளைகளின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. அதனால் டோனாவூரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். பரிசு, பூ, அறை அலங்காரம் எல்லாம் உண்டு. 1913 வாக்கில் 130 பிள்ளைகள். 1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் எடுத்தார்கள், கோயில்களிலும் நாடகக் கம்பெனிகளிலும் விடப்பட்ட பையன்களுக்கும் ஆபத்து உண்டு என்று தெரிந்த பிறகு. பள்ளிக்கூடம், தோட்டம், பால் பண்ணை, ஜெப வீடு என்று பொட்டல்காடு ஊராகிவிட்டது. 1927-ல் டோனாவூர் ஐக்கியம் என்று தனி அமைப்பாகப் பதிவு ஆனது. சுற்று வட்டாரத்துக்கு எல்லாம் ஆஸ்பத்திரி வந்தது, அதற்குப் பரம சுக சாலை என்று பேர். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் வைத்தியம் பார்த்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் மதில் சுவருக்குள் ரொம்பக் கட்டுப்பாட்டில் வளர்ந்தார்கள், வெளியுலகம் அதிகம் தெரியாது. அம்மா வைத்ததுதான் சட்டம். அவரோடு ஒத்துப்போக முடியாமல் விலகினவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அவரை இந்தியாவை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்று மிஷனரிகளுக்குள்ளேயே ஒரு பேச்சு நடந்தது. இங்கே நடப்பதை மூடி மறைக்காமல் 1903-ல் புத்தகமாக எழுதினது பல பேருக்குப் பிடிக்கவில்லை. 1919-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. வேண்டாம் என்று மறுக்கப் பார்த்தார். மற்றவர்கள் வற்புறுத்தின பிறகு ஏற்றுக்கொண்டார், விழாவுக்கு மட்டும் போகவில்லை.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகம் தொடங்க ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வீடு தயாராகிவிட்டதா என்று பார்க்கச் சாயங்காலம் அம்மா போனார். கக்கூஸுக்குக் குழி தோண்டினவர்கள் தோண்ட வேண்டிய இடத்தில் தோண்டாமல் வேறு இடத்தில் தோண்டி வைத்திருந்தார்கள். மங்கலான வெளிச்சம். கால் வைத்தார், குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. லாரியில் படுக்க வைத்து 46 மைல் தள்ளி நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். சில வாரத்தில் நடந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 20 வருடம், டோனாவூரில் தன் அறையையும் அதை ஒட்டின வராந்தாவையும் தாண்டி அவர் அதிகம் போகவில்லை.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கின கை அது. படுக்கையிலிருந்தே எழுதினார். மொத்தம் சுமார் 35 புத்தகம், அதில் பதின்மூன்று இந்தப் படுக்கை வருடங்களில் எழுதினது. வலி தூங்கவிடாது. அந்த வலியைப் பற்றியும் எழுதினார், நோயில் கிடப்பவர்களுக்காக, நோயில் கிடக்கிற ஒருவராகவே. பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். சிறுமியாக வந்து சேர்ந்து அவருக்கு வலது கையாக வளர்ந்த அருளாய் என்பவரிடம் பொறுப்பை விட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தார். 1939-ல் அருளாயும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். 1948-ல் அறைக்குள்ளேயே இன்னொரு தடவை விழுந்தார், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

1951 ஜனவரி 18 அன்று காலையில், தூக்கத்திலேயே, 83 வயதில் இறந்தார். கல்லறையில் கல் வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். டோனாவூர்த் தோட்டத்தில் மற்றவர்களைப் போலவே அவரையும் அடக்கம் பண்ணினார்கள். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. கல்லறைக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் அம்மை என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் செதுக்கி வைத்தார்கள்.